கப்பல் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்

நான் இங்கிலீஷ் டீச்சர். எனக்கு இங்கிலீஷ் பேச வராது. பதினொரு வருஷம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிக் கிடந்தேன். இதைக் கோயில் மலரில் எழுதினால் லிட்டில் அந்தமானில் எங்கள் ஹட் பே ஊர் முழுக்கப் படிக்கும் என்று தெரியும். படிக்கட்டும். முருகன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை கிடைத்துத் தங்கிவிட்டார்கள். எங்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பரீட்சையில் மட்டும் இங்கிலீஷ். பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் தபாலில் படித்தேன். படித்தேன் என்றால் கைடு வாங்கி மனப்பாடம் செய்தேன். துன்பியல் நாடகம் என்றால் என்ன என்று கேட்டால் நாலு பக்கம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். மொழியியல் பேப்பரில் எந்தச் சத்தத்துக்கு நாக்கு எங்கே படும், உதடு எப்படிக் குவியும் என்று படமெல்லாம் போட்டு நல்ல மார்க் வாங்கினேன். ஆனால் யாராவது இங்கிலீஷில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த லட்சணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. என் வகுப்பில் பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழ் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. எல்லோருக்கும் பொது ஹிந்திதான். ஒரு வரி இங்கிலீஷில் வாசிப்பேன், ஹிந்தியில் அர்த்தம் சொல்வேன், கேள்வியையும் பதிலையும் போர்டில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதி உருப்போடுவார்கள். நான் பேச்சை நிறுத்திக் கூரையைப் பார்த்தால் அதுதான் சைகை. உடனே மொத்த வகுப்பும் "ஆன்சர் நம்பர் ஒன்" என்று ஒரே குரலில் ஆரம்பிக்கும். வராண்டாவில் போகிறவர்களுக்குக் கேட்கக் கம்பீரமாக இருக்கும். பரீட்சையில் பாஸும் ஆனார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை.

பயமெல்லாம் போர்ட் பிளேரில் இருந்துதான் வரும். வருஷா வருஷம் அங்கே இங்கிலீஷ் டீச்சர்களுக்குப் பயிற்சி உண்டு. அங்கே வாயைத் திறந்து பேச வேண்டும். அதற்கு நம் தீவுக்காரர் எல்லோர் கையிலும் இருக்கும் மருந்து என் கையிலும் இருந்தது. ஷிப் கேன்சல். கல்யாணத்துக்குப் போகவில்லையா, ஆபீஸுக்கு லேட்டா, வாய்தாவுக்கு வரவில்லையா, ஷிப் கேன்சல் என்றால் எவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். கப்பல் வந்து போன நாளிலும் நான் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று இரண்டு தடவை. ஹெட்மாஸ்டர் பிஸ்வாஸ் சார் வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன வருஷம் ஜூன் மாதம் ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்த டீச்சர்கள் எல்லோரும் ஜூலையில் போர்ட் பிளேர் வந்து, அதிகாரிகள் முன்னால் ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். முழுக்க இங்கிலீஷில். ஹிந்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. தேறாதவர்களுக்கு வேலை நீட்டிப்பு கிடையாது.

அந்தக் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். யாரிடமிருந்து ஒளித்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. என் கணவர் கதிரேசன் ராமநாதபுரத்துக்காரர். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் புரோட்டாக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் கூடச் சொல்லவில்லை. எம்.ஏ. படித்த பெண்டாட்டி என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிற மனுஷன். அவரிடம் போய் என்னவென்று சொல்வேன்? இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காடு, நடுவில் என் பொய். எங்கே ஓடுவது?

அப்போதுதான் அந்த வேண்டுதலை வைத்தேன். கோயிலுக்கு வந்து ஆறு சுற்று சுற்றி, கற்பூரம் ஏற்றி, "முருகா, அன்றைக்குக் கப்பல் வரக்கூடாது" என்று அழுதேன். பொய்யாகவே சொல்லி வந்ததை ஒரே ஒரு தடவை உண்மையாக்கிக் கொடு என்று கேட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் கேட்டேன்.

கொடுத்துவிட்டான். நான் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காற்று பிடித்தது. துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். அலை தடுப்புச் சுவரைத் தாண்டி அடித்தது. கப்பல் இல்லை. வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். கப்பலை நம்பி மாவு பிசைந்து, முட்டை அவித்து, ஒரு அண்டா சால்னா வைத்திருந்த என் கணவர் பொங்கலைப் பார்த்து முழித்தார்.

"இன்னைக்கு என்ன விசேஷம்? எனக்கு அண்டா சால்னா வீணாப் போச்சு, நீ பொங்கல் வச்சுருக்க?"

"சும்மாதாங்க" என்றேன்.

மறுநாளும் கப்பல் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பஜாரில் காய்கறி தீர்ந்தது. மூன்றாம் நாள் நான் எங்கள் புரோட்டாக் கடைக்குப் போனபோது பெஞ்சில் ஒரு தெலுங்குப் பெண் உட்கார்ந்திருந்தாள். பதினாறாவது கிலோமீட்டர் என்கிற ஊரில் இருந்து வந்தவள். மடியில் குழந்தை, கையில் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. காற்று ஓய்ந்தால்தான் ஹெலிகாப்டரும் வரும். என்னைப் பார்த்ததும் அவள் ஹிந்தியில் கேட்டாள். "தீதி, ஜஹாஸ் கப் ஆயேகா?" அக்கா, கப்பல் எப்போ வரும்?

நான் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். காற்றை நான் கூப்பிடவில்லை என்று அறிவுக்குத் தெரியும். மனசு கேட்க வேண்டுமே! நான் தப்பிக்க ஒரு தீவையே பூட்டி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி டப்பாவிலிருந்து கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா இத ஒத்தையிலயா வச்சுக்கிட்டு இருந்த?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை காற்று கொஞ்சம் ஓய்ந்து ஹெலிகாப்டர் வந்தது. அந்தத் தாயையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போனது. "அப்பாடா, முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மத்தியானம் பிஸ்வாஸ் சார் கூப்பிட்டு அனுப்பினார். அதே ஹெலிகாப்டரில் போர்ட் பிளேரில் இருந்து ஒரு அதிகாரி மேடம் வந்து இறங்கியிருக்கிறார்களாம். கப்பல் இல்லாததால் வர முடியாமல் போனவர்களின் வகுப்பை இங்கேயே வந்து பார்க்கிறார்களாம். எனக்கு நாளைக்கு மூன்றாவது பீரியட், எட்டாம் வகுப்பு.

கேன்சல் ஆவதற்கு இந்தத் தடவை கப்பலே இல்லை. நான் எந்தக் கதவைச் சாத்தச் சொல்லி வேண்டினேனோ, அதே கதவு வழியாக முருகன் ஆளை என் வாசலுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கோயிலுக்கு ஓடினேன். எனக்குக் காய்ச்சல் வரட்டும் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. காய்ச்சல் என்று நினைத்ததுமே அந்தக் குழந்தை மூச்சு வாங்கியது கண்முன்னால் வந்தது. என்னால் கேட்க முடியவில்லை. பிறகு இப்படிச் சொன்னேன். "அப்பனே, இனிமேல் எதையும் கேன்சல் பண்ணாதே. நான் போகிறேன். நீ கூட வந்து நில்." பதினொரு வருஷத்தில் நான் வைத்த முதல் நேர்மையான வேண்டுதல் அதுதான்.

மூன்றாவது பீரியட். மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்கள். பக்கத்தில் பிஸ்வாஸ் சார். பாடத்தை ஐந்து பக்கம் எழுதி உருப்போட்டிருந்தேன். ஒன்றரைப் பக்கம் ரயில் மாதிரி ஓடியது. அப்போது தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியது. ஒரு வரி போய்விட்டது. மனப்பாடத்தில் ஒரு வரி போனால் மீதியும் கூடவே போய்விடும், உங்களுக்கே தெரியும். நான் பேச்சை நிறுத்தினேன். என்னையறியாமல் கூரையைப் பார்த்தேன்.

அவ்வளவுதான். பிள்ளைகள் என்னைக் கைவிடவில்லை. "ஆன்சர் நம்பர் ஒன்!" என்று நாற்பது பேரும் மழையை மிஞ்சி முழங்கினார்கள். நான் இன்னும் நடத்தவே நடத்தாத பாடத்துக்கு, கேட்கவே கேட்காத கேள்விக்கு, போன மாதம் உருப்போட்ட வேறு ஏதோ பாடத்தின் பதில்! ஒன்று முடிந்து இரண்டு, இரண்டு முடிந்து மூன்று. மேடத்தின் பேனா நின்றுவிட்டது. பிஸ்வாஸ் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பதினொரு வருஷ வண்டவாளம் அத்தனையும் தாளம் தப்பாமல் தண்டவாளம் ஏறிக்கொண்டிருந்தது.

"முருகா" என்றேன். வெளியே கேட்டிருக்காது. அடுத்த நொடி என் வாயிலிருந்து வந்தது என்னுடையது மாதிரியே இல்லை.

"ஸ்டாப். ஐ யம் அஃப்ரெய்ட்."

வகுப்பு கப்சிப் என்றானது. எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தக் கைடிலும் இல்லாமல் நானாக இங்கிலீஷில் சொன்ன முதல் வாக்கியம். சொன்னதும் நெஞ்சில் ஏதோ இளகியது. முதல் பெஞ்சில் இருந்த சுனிதாவைக் கேட்டேன், "யூ? அஃப்ரெய்ட்?" ராஞ்சி வீட்டுப் பெண், வாயே திறக்காதவள். எழுந்து நின்று விரலைப் பிசைந்தாள். "யெஸ் மிஸ். ஸீ. மை ஃபாதர் போட் கோ." அப்பா படகில் போகிறார், கடலுக்குப் பயம். அடுத்து ஒரு பெங்காலிப் பையன், அவன் பாட்டி போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஷிப் நாட் கமிங் என்று பயம். இன்னொருத்திக்குக் கணக்கு. இன்னொருவனுக்குப் பாம்பு. கைகள் மேலே மேலே எழுந்தன. எல்லாம் தப்புத் தப்பான இங்கிலீஷ், எல்லாம் அவரவர் சொந்த இங்கிலீஷ். எனக்குத் தெரியாத வார்த்தையைத் தெரியாது என்று சொல்லி அகராதியைப் புரட்டினேன். ஹிந்தி ஞாபகமே வரவில்லை. கடைசியில் சுனிதாவே பின்பக்கம் திரும்பி, "மேடம், யூ?" என்று கேட்டுவிட்டாள்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்கள். பிறகு, "ஐ யம் அஃப்ரெய்ட் ஆஃப் ஹெலிகாப்டர்ஸ்" என்றார்கள். வகுப்பு சிரித்த சிரிப்பில் மணி அடித்ததே கேட்கவில்லை.

மேடம் கேரளத்துக்காரர், தமிழ் பேசுவார்கள். வெளியே வந்து சொன்னார்கள். "டீச்சரே, உங்க இங்கிலீஷ்ல நெறைய தப்பு. ஆரம்பத்துல நடந்ததையும் நான் எழுதத்தான் போறேன். ஆனா பின்னாடி நடந்ததை நான் எங்கயும் பார்த்ததில்ல, அதையும் எழுதுவேன்." ஒரு வருஷம் நீட்டிப்பு கிடைத்தது. நிபந்தனையோடுதான். அடுத்த கப்பலில் போர்ட் பிளேர் போய் இரண்டு மாதப் பயிற்சி முடிக்க வேண்டும்.

போவதற்கு முன்னால் பிஸ்வாஸ் சாரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அத்தனை வருஷம் கப்பல் கேன்சல் என்று எழுதிக் கொடுத்ததெல்லாம் பொய் என்றேன். அவர் சிரித்தார். "முஜே மாலூம் தா, டீச்சர்" என்றார். தெரியுமாம்! எப்படி என்று கேட்டேன். கப்பல் வரும் நாளெல்லாம் அவர் என் கணவர் கடையில்தான் புரோட்டா சாப்பிடுவாராம்.

கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். பயிற்சியில் முதல் நாள் எழுந்து நின்று, எனக்குப் பயமாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தேன். பாதிப் பேர் எனக்கும்தான் என்றார்கள். இப்போது தினமும் முதல் பத்து நிமிஷம் என் வகுப்பில் புத்தகம் கிடையாது. உருப்போடுவதைக் குறைத்ததில் முதல் பரீட்சையில் மார்க் இறங்கியது, இரண்டு அப்பாக்கள் வந்து சண்டை போட்டார்கள். போடட்டும். அந்தத் தெலுங்குப் பெண்ணின் குழந்தை நல்லபடியாகத் திரும்பி வந்து கடைக்கு முன்னால் ஓடி விளையாடுவதைப் பார்த்தேன். எனக்கு அது போதும். இந்த ஜூனில் இன்னொரு நீட்டிப்பும் வந்தது. அந்தக் கடிதத்தை முருகன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அன்பானவர்களே, உங்களிலும் யாராவது எதையோ மறைத்துக்கொண்டு, அது வெளியே வராமல் இருக்க வேண்டும் என்று இந்தச் சன்னதியில் சுற்றிக்கொண்டிருக்கலாம். நானும் அங்கேதான் சுற்றினேன். வரும் கிருத்திகைக்கு வாருங்கள். கப்பலை நிறுத்தச் சொல்லாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, கூட வா என்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கு வருகிற பாஷையில் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் அவன் மார்க்கைக் குறைக்க மாட்டான்.