எர்லாங்கும் ஏர்லங்காவும்

ராஜலிங்கம் மொழிப் பிரச்சினையால் வேலையை விட்டுவிட்டு ஏர்லங்காவில் போகப்போகிறானாம். கண்டி மஹய்யாவையிலிருந்து என் அக்கா தொலைபேசியில் சொன்னாள். அவளுக்குச் சொன்னது ராஜலிங்கத்தின் அம்மா ராக்கம்மா. ஏர்லங்கா என்ற விமானக் கம்பனியின் பெயர் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது. எங்கள் பக்கத்து அம்மாக்களுக்கு வானத்தில் பறப்பதெல்லாம் இன்னும் ஏர்லங்காதான்.

தோஹாவில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? தமிழில் ஒரு பள்ளிக்கூடம், ஆங்கிலத்தில் இன்னொன்று என்று படித்துவிட்டு, கண்டியில் அரசாங்கக் கந்தோர் கந்தோராகச் சிங்களத்துக்குத் தடுமாறியவன் நான். மொழிப் பிரச்சினை என்றால் எனக்கு அது ஒன்றுதான். ராஜலிங்கமும் நானும் ஒரே வகுப்பு. யார் என்ன சொன்னார்கள், வீட்டுக்குப் பொலிஸ் யாராவது வந்து விசாரித்தார்களா என்று அக்காவைக் குடைந்தேன். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான் தெரியும் என்றாள்.

ஞாயிறு பின்னேரம் அவனை அழைத்தேன். எடுக்கவில்லை. ராக்கம்மாவின் போனுக்கு எடுத்தேன்; அவனே பேசினான். தன்னுடைய போனுக்கு முக்கியமான ஒரு கோல் வரவேண்டும், அதனால் அதில் பேசமாட்டானாம்.

"என்ன மொழிடா பிரச்சினை? தமிழா, சிங்களமா?"

"எர்லாங்" என்றான்.

அது கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் மொழிகளில் ஒன்று என்பதும், அம்மாவின் காதில் அதுதான் ஏர்லங்காவாக விழுந்திருக்கிறது என்பதும் எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவன் குரல் அப்படி இருக்க விடவில்லை.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு கம்பளையில் ஒரு கொமினிகேஷன் கடையில் நின்றவன் ராஜலிங்கம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேசத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மழைக்கு ஒரு டெலிபோன் கூண்டில் லைன் போனால் எல்லாக் கூண்டிலும் போய்விடும். ஏச்செல்லாம் இவனுக்கு. பின்னாளில் புரோகிராம் எழுதப் படித்தபோது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கென்றே உண்டாக்கிய ஒரு மொழி இருக்கிறது, அதில் ஒரு கோல் அறுந்தால் மற்றக் கோல்கள் அறுவதில்லை என்று எங்கேயோ வாசித்திருக்கிறான். அன்றைக்குப் பிடித்தது.

கண்டியில் அவன் வேலை செய்யும் சின்னக் கம்பனியில் வேறு ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. தெரியவைப்பது தன் பொறுப்பு என்று நினைத்துவிட்டான். யாருடைய புரோகிராம் நின்றுபோனாலும் பின்னால் போய் நின்று, எர்லாங்கில் என்றால் இப்படி நடந்திருக்காது என்பானாம். நடந்திருக்காதுதான். அதை அந்த நேரத்திலா சொல்வது? கூட வேலை செய்யும் ஸக்கியா, ராஜா அண்ணனிடம் சீனி போதுமா என்று கேட்டால்கூட எர்லாங்தான் வருகிறது என்று சொல்லிச் சிரித்தாளாம். அவர்களுக்கு மேலதிகாரியான தாஸிம் சிரிக்கவில்லை. அவனும் எங்கள் வகுப்புத்தான்.

"மச்சான், தேத்தண்ணி குடிக்கிற மேசைல மட்டும் அதச் செல்லாத. ஆக்கள் எழும்பிப் போறாங்க."

ராஜலிங்கம் வாயை மூடிக்கொண்டான். வினை அங்கேதான் தொடங்கியது.

ஸ்கூல் வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்கு மெசேஜ் அனுப்பும் ஒரு புரோகிராமை அந்தக் கம்பனி நடத்துகிறது. மழை பெய்து கட்டுகஸ்தோட்டை ரோடு வாகனத்தால் இறுகினால் எல்லா அம்மாமாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், அது படுத்துவிடும். திருத்தும் வேலை ராஜலிங்கத்திடம் வந்தது. திருத்தினான். எந்த மொழியில் என்று மூச்சு விடவில்லை. பேசினால்தானே எரிச்சல், பேசாமல் வேலையைக் காட்டினால் தானாக விரும்புவார்கள் என்று நினைத்திருக்கிறான். அடுத்த பெருமழைக்கு அது அசையவே இல்லை. தாஸிமே தட்டிக்கொடுத்தானாம்.

பிறகு ஸக்கியா ஏதோ ஒரு சின்ன மாற்றத்துக்காக அதைத் திறந்திருக்கிறாள். உள்ளே வரிக்கு வரி காற்புள்ளி, பந்தி முடிகிற இடத்தில் முற்றுப்புள்ளி; எர்லாங்கின் எழுத்து அப்படி.

"இது என்னத்த, ராஜா அண்ணன் கட்டுரையா எழுதி வெச்சிரிக்காரு?"

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. தாஸிம் தனியாகக் கூப்பிட்டு, எந்த மொழியாக இருந்தாலும் பரவாயில்லை, நீ வராத நாளில் இதை யார் தொடுவது, எங்களிடம் ஏன் ஒளித்தாய் என்று கேட்டிருக்கிறான். அப்படியே வைப்பதா, பழைய மொழியில் திருப்பி எழுதுவதா என்று யோசித்து, ஞாயிறு பின்னேரம் கோல் எடுத்துச் சொல்கிறேன் என்றானாம். அந்தக் கோலுக்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

"சொன்னாலும் கோவம், சொல்லாட்டியும் கோவம். நான் எப்படித்தான்டா இருக்கிறது?"

வேலை போய்விடுமா என்றுதான் கேட்டேன். வேலை போகாது, அது போயிரும் என்றான். எர்லாங்கைத்தான், வீட்டில் வளர்க்கும் நாயைச் சொல்வதுபோலச் சொன்னான். ஸக்கியாவுக்குப் படிப்பித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அவள் கேட்டால் கொடுக்கலாம், கேட்காமல் தொடங்கினால் திரும்பவும் பழைய கதைதான், கேட்கும் வரைக்கும் அது இருக்க வேண்டுமே என்றான். அதுவும் சரியாகத்தான் பட்டது. எல்லாமே சரியாகப் பட்டும் எங்கே பிழைத்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

அவன் பக்கத்தில் மற்றப் போன் அடித்தது.

"தாஸிம்" என்றான்.

"எடு."

"எடுத்தா விளங்கப்படுத்த ஆரம்பிச்சிருவேன்டா. என்னை எனக்குத் தெரியும்."

"சரின்னு மட்டும் சொல்லு."

"எதுக்குச் சரி?"

எங்கேயோ உள்ளேயிருந்து ராக்கம்மா, "ஏர்லங்காக்காரங்களாய்யா?" என்று கேட்பது கேட்டது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.