இலவ மரத்து அடிக்கட்டை

முன்பெல்லாம் பங்குனி பிறந்தால் எங்கள் கொல்லைக்கு வெயிலோடு பஞ்சும் இறங்கும். இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, நெற்று மட்டும் தொங்க நிற்கும் இலவ மரம். நெற்று வெடிக்கிற சத்தம்கூடக் கேட்காது. குரங்கணி மலைப் பக்கமிருந்து காற்று வந்தால் பஞ்சு கிளம்பி, கிணற்றைத் தாண்டி, துணிக்கொடியைத் தாண்டி, சமையலறைக்குள் வந்து மிதக்கும். சாப்பிட உட்கார்ந்தால் மோரில் ஒன்று மெல்ல இறங்கும். அந்த ஒரு மாதம் என் நடைகூட மெதுவாகிவிடும். வேகமாகக் கையை வீசினால் எல்லாம் கலைந்துவிடும் என்று தோன்றும்.

போடியில் இடம் பார்த்தபோது மூன்று மனை காட்டினார்கள். இந்த மரம் நிற்கிற மனைதான் வேண்டும் என்றாள் என் மனைவி. எங்கள் தலையணைகள் எல்லாம் அந்த மரத்துப் பஞ்சுதான். மதியத் தூக்கத்தில் பாதி விழிப்பில், மரத்தின் மேலேயே படுத்திருக்கிறோமோ என்று எனக்கு மயக்கம் வரும்.

அவளுக்கு இளைப்பு உண்டு. பங்குனியில் கூடும். மூன்று வருசத்துக்கு முன் ஒரு பகலில், கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. தலைமுடியில் இரண்டு மூன்று பஞ்சு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் அவளுக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. இவள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயம் வந்துவிட்டது.

நான் பயந்தால் கோபப்படுகிற ஆள். கோபம் மரத்தின் மேல் திரும்பியது. அடுத்த வாரம் அவள் ராசிங்காபுரத்தில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, மரம் அறுக்கிற ஒருவரை மெஷினோடு வரச்சொன்னேன். அரை நாளில் வேலை முடிந்தது. முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் மிச்சம்.

"வேரோட எடுக்கணும்னா ஜேசிபிதான் வரணும்ணே. கிணத்துச் சுவரும் சேந்து வந்துரும். கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, லோடை ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார்.

சாயங்காலம் அவள் வந்து கொல்லைக் கதவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். "வெளிச்சமா இருக்கு" என்றாள். அதற்கு அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுமாதம் டாக்டரிடம், மரத்தை வெட்டிய கதையைப் பெருமையாகச் சொன்னேன். "தலையணை என்ன பஞ்சு?" என்று கேட்டார். "அந்த மரத்துப் பஞ்சுதான்" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ்சில் வரும்போதும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. தலையணைகளையும் மாற்றினோம். இளைப்பு குறைந்தது, போகவில்லை.

மரம் இல்லாத கொல்லையில் உச்சி வெயிலில் என் கால் தானாகப் பழைய நிழலைத் தேடிப் போகும். காக்கைகளும் அந்த உயரத்துக்கு வந்து, உட்கார இடம் இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். அவள் குளித்துவிட்டு அடிக்கட்டையில் உட்கார்ந்து முடி உலர்த்துவாள். மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி வெகுநேரம் இருப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது.

மழை விழுந்ததும் கட்டை துளிர்த்தது. விரல் விரித்த மாதிரி இளம் இலைகள். எனக்குப் பயம் திரும்ப வந்தது. துளை போட்டுக் கல்லுப்பு அடைத்தால் பட்டுப்போகும் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பாக்கெட் அடைத்தேன். கட்டை அதையும் தின்றுவிட்டு விலாப்பக்கம் துளிர்த்தது. பிறகு தினமும் காலையில், அவள் அடுப்படியில் இருக்கும்போது, கீரை கிள்ளுவதுபோலக் கிள்ளிப் போட்டுவிட்டு ஏலக்காய்க் கடைக்குக் கிளம்புவேன். அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

போன தை மாதம் மறுபடி இளைப்பு முற்றி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை கட்டையின் பக்கம் போய்க் குனிந்தேன். இத்தனை நாள் கிள்ளாமல் விட்டதில் ஒரு துளிர் விரல் நீளம் வளர்ந்திருந்தது.

"கிள்ளாதீக."

போர்வையைப் போர்த்திக்கொண்டு அவள் கொல்லை வாசலில் நின்றாள்.

"பஞ்சு பறந்தா ஒனக்கு ஆகாதுல்ல" என்றேன்.

"அது காய்க்க இன்னும் அஞ்சாறு வருசம் ஆகும். அதுவரைக்கும் நான் இருந்தேன்னா, அப்பப் பாத்துக்குவோம்."

பாலுக்கு உறை ஊற்றியாச்சா என்று கேட்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என் கை துளிரிலேயே நின்றுவிட்டது. கிள்ளினால் அந்த அஞ்சாறு வருசத்தையும் நானே கிள்ளிப் போடுவதாகிவிடும் என்று பட்டது.

இப்போது அது என் இடுப்பு உயரம். தண்ணீர் ஊற்றுவது நான்தான். எருவும் நான்தான் வைக்கிறேன். வளரட்டும். காய்க்கட்டும். நெற்று வெடித்துக் கொல்லை முழுக்கப் பஞ்சு பறக்கட்டும். அவள் இங்கேயே நின்று, அதற்காக என்னைத் திட்டட்டும்.