என் வீட்டுச் செய்தி எனக்குக் கடைசியாக வந்தது

சுகந்தி வெட்டிவைத்திருந்த ரவிக்கைத் துணியில் இரண்டு கைகளும் இடது கைகளாக இருந்தன. யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் பட்டு. ரவிக்கைக் கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடச் சற்று ஆழமானது. அதனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. முப்பது ஆண்டுகளாகக் காரைக்காலில் வீட்டிலிருந்தே தைத்துவரும் என் மனைவி, அந்தத் துணித்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சிரித்தேன்.

அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அடுத்த சில மாதங்களில் வாடிக்கையாளர்களின் பெயர்களும் அளவு நோட்டு வைத்த இடமும் நழுவத் தொடங்கின. புதுச்சேரியில் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மூளை ஸ்கேன் எடுத்தார்கள். நினைவுப் பரிசோதனை (படம் வரைவது, ஐந்து சொற்களைக் கேட்டுச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்வது) செய்தார்கள். அல்சைமர் (மூளைச் செல்கள் படிப்படியாகச் சிதையும் நோய்) என்றார் மருத்துவர். ஆரம்ப நிலை.

"இது வயசுக்கு வர்ற மறதி இல்லைங்க. மாத்திரை தர்றேன். குணமாக்காது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும்."

"பேச்சு?" என்று கேட்டேன்.

"இப்ப நல்லாப் பேசுறாங்க. போகப் போக வார்த்தை குறையும். எத்தனை வருஷம்னு என்னால சொல்ல முடியாது. பேச முடியறப்பவே பேசிக்குங்க."

ஒரு நாளிதழில் முப்பத்தைந்து ஆண்டுகள் நிருபராக இருந்தவன் நான். அதிகாரிகளின் அறிக்கையைக் குறித்துக்கொள்வதுபோல அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவளிடம் மிச்சமிருக்கும் பேச்சுக்கு ஓர் எல்லை உண்டு என்று அன்றே எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு எனக்கானது என்று நினைத்தேன்.

நினைவு குறைந்தவர்களுக்காக வேலை செய்யும் சிறிய தொண்டு அமைப்பு ஒன்றை மருத்துவமனையில் சொன்னார்கள். நோயோடு வாழ்பவர்களையே அவர்கள் தன்னார்வத் தூதர்களாக அனுப்புகிறார்கள். ஊர்க் கூட்டங்களில், மகளிர் குழுக்களில், தங்களுக்கு நேர்ந்ததைத் தாங்களே சொல்ல வேண்டும். ஒவ்வொரு தூதருக்கும் ஒரு துணைத் தன்னார்வலர் உண்டு. அந்தத் துணை, வீட்டு மனிதராக இருக்கக் கூடாது.

"ஏன்?" என்று கேட்டேன்.

"வீட்டு ஆளுங்க வாக்கியத்த முடிச்சுக் குடுத்துடுவாங்க சார்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

வாக்கியங்களை முடித்துக் கொடுத்தே ஓய்வூதியம் வாங்குபவனிடம் அதைச் சொன்னார்.

சுகந்திக்குத் துணையாக வந்தவர் பரீதா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். இதே நோயில் இருந்த தன் வாப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். வியாழக்கிழமை மதியம் ஸ்கூட்டரில் வருவார்.

"தூதருன்னா என்ன, டில்லிக்கா அனுப்பப் போறீங்க?" என்றாள் சுகந்தி முதல் நாள்.

"காரைக்கால்மேட்டுக்குப் போறோங்க்கா. அங்கவுள்ள பொம்பளைங்க கேக்குற கேள்விக்கு டில்லி எவ்வளவோ தேவலாம்."

இருவரும் சிரித்தார்கள். தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் டீ கொண்டுபோனதும் பேச்சு நின்றது. வெளியே வந்ததும் தொடர்ந்தது.

வாரங்கள் போகப் போக நான் கணக்கெடுக்க ஆரம்பித்தேன். தொழில் பழக்கம். ஒரு வியாழக்கிழமை சுகந்தி நான்கு முறை வாய்விட்டுச் சிரித்தாள். மற்ற ஆறு நாட்களில் என்னோடு ஒருமுறை. என்னிடம் அவள் பேசியவை மாத்திரை, குழம்பு, கரண்ட் போனது. நாளைக்கு இல்லாமல் போகப்போகிற சொற்கள் எனக்குக் கேட்காத அறையில் செலவாகிக்கொண்டிருந்தன. எனக்கு வந்தது கவலை என்று கொஞ்ச நாள் எழுதிவைத்தேன். பிறகு அடித்துவிட்டுப் பொறாமை என்று எழுதினேன்.

மீனவர் கிராமமான காரைக்கால்மேட்டில் நடந்த கூட்டத்துக்கு அவளுடைய உரையை நானே எழுதினேன். இரண்டு பக்கம், பெரிய எழுத்து. முதல் அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை, வேண்டுகோள் என்று ஒழுங்காக. பரீதா பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கண்ணே" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மீன் ஏலம் முடிந்து கழுவிவிட்ட கூடத்தில் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சில ஆண்கள் வலை பிரித்தபடி கேட்டார்கள். சுகந்தி முதல் பத்தியைப் படித்தாள். இரண்டாவதில் வரி தவறியது. விரலை வைத்துத் தேடினாள்.

"மருத்துவ ஆலோசனை" என்றேன், மூன்றாவது வரிசையிலிருந்து.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன். கூடம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அவள் பக்கத்தில் இருந்த பரீதா எதுவும் செய்யவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவராக உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும்.

சுகந்தி தாளை மடித்தாள்.

"இது எங்க வீட்டுக்காரரு எழுதுனது. நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு நடந்தது இது இல்ல."

பெண்கள் சிரித்தார்கள்.

"கை மாத்தி வெட்டுனதுலதான் தெரிஞ்சுதுன்னு போட்டிருக்காரு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே எனக்குத் தெரியும். கத்திரிய எடுத்தாலே பயமா இருக்கும். பின்னாடித் தெரு டெய்லருகிட்ட குடுத்து வெட்டி வாங்கிட்டு வந்து, தைக்கிறது மட்டும் நான் தைப்பேன். அந்த டெய்லரு ஒருநாள் ஊருல இல்ல. அன்னிக்குத்தான் நானே வெட்டுனேன்."

முன்வரிசையில் ஒருவர் கேட்டார்: "ஏன் தாயி, ஒரு வருஷமா வூட்டுக்காரருகிட்ட சொல்லலியா?"

"சொன்னா ஒடனே சரி பண்ணப் பாப்பாரு. எனக்கு அப்ப சரி பண்ற ஆளு வேணாம்."

"எங்க வூட்டுல இருக்கறது எதையும் சரி பண்ணாது, கவலப்படாத" என்றார் இன்னொருவர். கூடம் அதிர்ந்தது. வலை பிரித்தவர்களும் சிரித்தார்கள்.

நான் பரீதாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் வியப்பு இல்லை. அவருக்கு முன்பே தெரியும்.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் அவரைக் கேட்டேன்.

"ரெண்டாவது வாரமே சொன்னாங்கண்ணே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பேப்பர்ல இருந்தப்ப ஒருத்தங்க நம்பிச் சொன்னத வெளிய சொல்லுவீங்களா?" என்றார். பிறகு, குரலைத் தணித்து, "எங்க வாப்பாவுக்கு நானும் வார்த்தைய எடுத்துக் குடுத்துட்டேதான் இருந்தேன். கடைசி வருஷம் அவங்க பேசவே இல்ல. நான்தான் பேசிட்டிருந்தேன்" என்றார்.

அன்று வீட்டில் சுகந்தி சொன்னாள்: "அடுத்த கூட்டத்துக்கு நீங்க வர வேணாங்க. உங்க மூஞ்சியப் பாத்தா பரீட்ச எழுதுற மாதிரி இருக்கு."

அதன் பிறகு நடந்த கூட்டங்களுக்கு நான் போகவில்லை. வரிச்சிக்குடியில் நன்றாகப் பேசினாள் என்று பிறர் சொல்லித்தான் தெரியும்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளி ஒரு சொல்லைத் தேடும்போது, தேடுவதும் அவருடைய பேச்சின் பகுதிதான். நாம் நீட்டும் சொல் சரியாகவே இருக்கலாம். அவர் தேடியதாக இருக்காது. இதை என்னால் எழுத முடிகிறது. செய்வது உடம்பு சம்பந்தப்பட்ட வேலை. நாக்கைப் பல்லுக்குப் பின்னால் பிடித்து நிறுத்த வேண்டும். கழுத்து நரம்பு இழுக்கும். செய்தியை அச்சுக்குக் கொடுக்க ஓடிய ஆண்டுகளில் ஒரு நிமிடம் என்றால் ஒன்றுமேயில்லை. இப்போது ஒரு நிமிடத்தின் நடுப்பகுதி எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரிகிறது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இன்னிக்கு அந்த... அந்த..." என்று நின்றாள். அன்று வியாழக்கிழமை. சொல் எனக்கு உடனே கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். தாடை வலித்தது. தெருவில் ஓர் ஆட்டோ நின்று, ஆள் இறங்கி, அது கிளம்பிப் போனது.

"பரீதா" என்றாள் சுகந்தி. "பரீதா வரும்ல."

தானாகவே கண்டெடுத்ததில் அவள் முகம் மலர்ந்திருந்தது. அந்தப் பெயரை நான் எடுத்துக் கொடுக்காதது பழகிக்கொண்டதாலா, அதை என் வாயால் சொல்ல மனம் வராததாலா என்று எனக்கே நிச்சயமில்லை. அவளுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை.

"வருவாங்க" என்றேன்.

சோற்றைப் பிசைந்தபடி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். உதடு ஏதோ சொல்வதற்குப் பிரிந்தது. அது என்னவென்று இந்த முறை எனக்குத் தெரியவில்லை. காத்திருந்தேன்.