என் மகள் தேறிய தேர்வு

என் மகள் அந்தத் தேர்வில் தேறியிருந்தாள். தேறவில்லை என்று நான் அவளிடம் பொய் சொன்னேன்.

மறதியில் சொன்னதல்ல. யாரோ தவறாகச் சொல்ல, நான் ஏமாந்து சொன்னதும் அல்ல. செய்தி என் காதில் தெளிவாக விழுந்தது. கைபேசியை வைத்தேன், முகத்தை மாற்றிக்கொண்டேன், உள்ளே போய்ப் பொய்யைச் சொன்னேன். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இப்போது இருபத்திரண்டு. இந்த எட்டு ஆண்டுகளில் ஒருவரிடமும், கட்டிய கணவரிடம்கூட, நான் இதைச் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது என்கிற தைரியம்தான். தெரியாதவர்களிடம் வாய் திறப்பது கோழைகளுக்கும் முடியும்.

எதற்காகச் சொன்னாய் என்று கேட்பீர்கள். அவள் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காக! சிரிக்காதீர்கள். நான் அப்படித்தான் நம்பினேன்.

எங்கள் வீடு வலியசாலையில். எங்கள் தெருவில் பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணை உள்ளபடி வெளியே சொல்லும் வழக்கம் கிடையாது. கண் பட்டுவிடும். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கியிருந்தால், "ஏதோ நாப்பது வந்துருக்கு மாமி" என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். கேட்கிற எதிர்வீட்டு மாமிக்கும் அது பொய் என்று தெரியும். அவளும் தன் பையனுக்குப் பத்தைக் குறைத்துத்தான் சொல்வாள். இரண்டு பேரும் மனத்துக்குள் பத்தைக் கூட்டிக்கொண்டு, வயிறு எரிந்தபடி, அவரவர் வீட்டுக்குள் போய்விடுவோம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

என் மகள் காயத்ரி ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அவள் பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமல் இதைச் சொல்லிவிட்டேன். நாற்பத்தெட்டை நாற்பது ஆக்கியதோடு நிறுத்தவில்லை. "இவ ஒரு அசடு, மாமி, கவனமே கெடையாது" என்று வேறு சேர்த்தேன். குழந்தைக்குக் கண்ணேறு கணக்கெல்லாம் தெரியுமா? முகம் சிவந்து உள்ளே போனாள். அன்று மாலை என்னோடு பேசவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த தேர்வில் ஐம்பதுக்கு ஐம்பது!

அன்றைக்கு நான் பாடம் கற்றுக்கொண்டேன். இவளைப் புகழ்ந்தால் சிரிப்பாள், குத்தினால் படிப்பாள். பிறகென்ன, தெருவுக்குச் சொன்ன பொய்யை வீட்டுக்குள்ளேயும் சொல்லத் தொடங்கினேன். அவள் வரைந்த படம் நன்றாக இருந்தால் மூக்கு கோணல் என்பேன். தொண்ணூற்றெட்டு வாங்கினால், எதிர்வீட்டுப் பையன் தொண்ணூற்றொன்பது என்பேன். அவன் எழுபதைத் தாண்டியதே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

தம்பானூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. மதிய உணவு வேளையில் பெண்கள் நாங்கள் பேசுவதெல்லாம் பிள்ளைகளைப் படிக்க உட்கார வைக்கும் பாடுதான். ஒருத்தி சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டுவாள். இன்னொருத்தி மொபைலைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். நான் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, "எனக்கு இதொண்ணும் வேண்டாம். சுருக்குன்னு ரெண்டு வார்த்தை போதும்" என்பேன். அவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

அவளுக்குக் கணக்கு என்றால் உயிர். மதிப்பெண்ணுக்காக அல்ல, சும்மாவே. என் கணவர் கிழக்கேகோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் வீணாகும் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றின் பின்பக்கம் முழுவதும் அவள் எண்களாக எழுதி நிரப்புவாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸின் எண்ணையும் படிப்பாள். "அம்மா, இது எதாலயும் வகுபடாது! பகா எண்!" என்று குதிப்பாள். சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்ததோ? எனக்கு என் வாழ்நாளில் எதிலும் அப்படி ஒரு குதிப்பு வந்ததில்லை...

ஒன்பதாம் வகுப்பு முடியும் நேரத்தில், அவளுடைய கணக்கு சார் அவளை ஒரு தேர்வு எழுத வைத்தார். மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, கோடை விடுமுறையில் கோழிக்கோட்டில் பத்து நாள் கணித முகாம். அந்தப் பள்ளியிலிருந்து எழுதியவள் அவள் ஒருத்திதான். எழுதிவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என் கைபேசி ஒலித்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து நிற்பாள்.

அழைப்பு வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"காயத்ரியுடெ அம்மயல்லே? மோளு செலக்டாயி, கேட்டோ! மூணாம் ராங்க்!" என்று மலையாளத்தில் பொரிந்தார் சார். நாளை மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம். மனிதருக்குச் சந்தோஷத்தில் குரல் நடுங்கியது.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதைச் சொன்னால் இவளுக்குக் கால் தரையில் நிற்காதே என்று தோன்றியது! பத்தாம் வகுப்பு வருகிறது. கோழிக்கோட்டில் பத்து நாள் ஆடிப்பாடிவிட்டு வந்தால், அப்புறம் சமூக அறிவியலையும் ஹிந்தியையும் யார் படிப்பது? மாறாக, தோற்றுவிட்டாய் என்றால்... வெறியோடு உட்காருவாள் அல்லவா?

ஈரத்தலையோடு வந்து, "யாரும்மா? சாரா?" என்றாள்.

"சார்தான். உம்பேரு இல்லையாம்."

நின்றாள். துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோபம் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. மெல்லிய குரலில் கேட்டாள்: "எத்தனை மார்க்கும்மா கொறைஞ்சுது? சொன்னாரா?"

இதோ, இந்த இடத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை. ஒரு மதிப்பெண் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு என்று சொல்லியிருக்கலாம். பொய்தானே, அதில் கொஞ்சம் இரக்கம் கலந்திருக்கக் கூடாதா? தோற்றாய் என்றது போதாமல், சாட்டையை இன்னும் கொஞ்சம் ஓங்கினால்தான் உறைக்கும் என்று நினைத்தேன்.

"கிட்டத்துலகூட வரலையாம்டீ" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான்.

கடையிலிருந்து வந்த கணவர் பதறிப்போனார். "சாரமில்லை கொழந்தே, போனாப் போறது, விடு, அடுத்த வருஷம் திரும்ப எழுதலாம்" என்று அவள் தலையைத் தடவினார். பிறகு என்னிடம் வந்து, "நான் வேணா சாரைப் பாத்து ஒரு தரம் கேக்கட்டுமா? இவளுக்கா வரலை? எங்கேயோ தப்பாயிருக்கும்" என்றார். "அங்க போய் நின்னு மானத்தை வாங்காதீங்கோ" என்று சீறினேன். பாவம், அவர் போகவில்லை.

மறுநாள் காலை உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். நம்புவீர்களா? நானே இப்போது இதை முழுதாக நம்புவதில்லை.

காலையில் பார்த்தால், யாரும் எழுப்பாமலே எழுந்து, பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. படித்துக்கொண்டிருந்தாள்! அதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. பெருமையாக இருந்தது.

மதியம் அலுவலக மாடிப்படியில் நின்று சாரை அழைத்தேன். விடுமுறையில் குடும்பத்தோடு கோயில்களுக்குப் போகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அவளுக்கும் வர விருப்பமில்லை என்று அடுக்கினேன். இதைப் பற்றி அவளிடம் பேச வேண்டாம், சங்கடப்படுவாள் என்றும் கேட்டுக்கொண்டேன். "கஷ்டமாயிப்போயி... அவளு நல்ல மிடுக்கியாணு" என்றார். கெட்டிக்காரக் குழந்தை, வீணாயிற்றே என்கிறார்! வைத்துவிட்டேன். அவள் இடம் வேறு யாருக்கோ போயிற்று. ஜூனில் பள்ளி திறந்தபோது சார் கண்ணூருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். என் பொய்க்கு எல்லாம் கூடிவந்தது.

பத்தாம் வகுப்பில் அவளுக்கு எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். தெருமுனையில் அவள் படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மாமிகள் வந்து வாழ்த்தினார்கள். பார், என் வழிதான் சரி என்று நான் பூரித்துப்போனேன். பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் அவள் காமர்ஸ் என்று எழுதியதை நான் பார்க்கவே இல்லை. கணவர்தான் பார்த்தார்.

"கணக்கை ஏன்டீ விட்டே?"

"எனக்கு அது வராதுப்பா" என்றாள். செருப்பு அளவைச் சொல்கிற மாதிரி, ஒரு வருத்தமும் இல்லாமல் சொன்னாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? நான் என்ன யோசித்தேன் தெரியுமா? பொய் சொன்னவள் என்று தெரிந்துவிட்டால், இனி என் சொல்லுக்கு இவள் படிப்பாளா என்று யோசித்தேன்! அந்த மூளையை என்னவென்று சொல்வது...

அதன்பிறகு என் வார்த்தைகள் வேலை செய்யவில்லை. எதிர்வீட்டுப் பையன் அப்படி, அவன் இப்படி என்று ஆரம்பித்தால், "ஆமாம்மா, அவன் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டுத் தலைவாரிக்கொண்டிருப்பாள். எத்தனை குத்தினாலும் வலிக்காத இடத்துக்கு அவள் போய்விட்டாள். பி.காம். முடித்தாள். தம்பானூரிலேயே ஒரு தனியார் அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் உட்காருகிறாள். நல்ல பெண் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு ஒருநாள் இருவரும் பஸ்ஸுக்கு நின்றபோது, என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்: "அந்த பஸ் நம்பர் பகா எண்ணாடீ?" அவள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, "எந்த பஸ்ஸு? நம்ம பஸ்ஸா?" என்றாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களைத் தேடி வந்திருக்க மாட்டேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரின் தம்பி மகள் மீரா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதின்மூன்று வயது. அவளும் அதே மாதிரி ஒரு கணக்குத் தேர்வு எழுதியிருக்கிறாள். அவள் உண்மையாகவே தேறவில்லை. இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது. மறுபடி எழுதலாம் என்று விண்ணப்பத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, நீ சின்ன வயசுல கணக்குல பெரிய ஆளாமே, பெரியப்பா சொன்னார். எனக்குச் சொல்லித் தரயா?"

காயத்ரி சிரித்தாள். அன்போடுதான் சிரித்தாள். "விட்டுடு மீரா. ஒரு தரம் வரலைன்னா அது நமக்கில்லை. நானும் எழுதினேன். அப்பா திரும்ப எழுது, திரும்ப எழுதுன்னார். எங்கம்மா ஒருத்திதான் நெஜத்தை நேரா சொன்னா. சொல்லலைன்னா இன்னும் அதுல போய் முட்டிண்டிருப்பேன். அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு, காய் நறுக்கிக்கொண்டிருந்த என் தோளில் கை வைத்தாள். எட்டு வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் நன்றி அது!

மீரா என் பக்கம் திரும்பினாள். "அப்படியா பெரியம்மா? எழுத வேண்டாமா?"

எழுது என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூடத் தேவையில்லை. ஆனால் எழுது என்றால், அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று காயத்ரி கேட்பாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நம்பிக்கை அந்தப் பார்வையில்... அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. கணக்கை அவளிடமிருந்து பிடுங்கியவளுக்கு, அவள் தரும் மரியாதை மட்டும் வேண்டியிருந்தது!

"அக்கா சொல்றது சரிதான்" என்றேன்.

மீரா விண்ணப்பத்தை நான்காக மடித்து, "குப்பைத்தொட்டி எங்க இருக்கு பெரியம்மா?" என்று கேட்டாள். நான் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினேன்.

அந்த விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நேற்று. மாலை ஐந்து மணிவரை நேரம் இருந்தது. மீரா வீட்டு எண் என் கைபேசியில் இருக்கிறது. அலுவலகத்தில் எனக்கு நேற்று வேலையும் அதிகமில்லை. நான் அழைக்கவில்லை.