ஆயில் குடிக்காத லாரி

எனக்குக் கல்யாணமான புதிதில், எழுபதுகளின் கடைசியில், எங்கள் வீட்டு லாரி ஆயில் குடிப்பதை நிறுத்திவிட்டது. அந்தப் பெருமை முழுக்க எனக்கே வந்து சேர்ந்தது.

விளக்கிச் சொன்னால்தான் புரியும். நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில் எங்கள் காடு; விவசாய நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். என் வீட்டுக்காரர் தன் பங்கு நிலத்தில் பாதியை விற்று ஒரு பழைய லாரி வாங்கி, தானே ஓட்டினார். வண்டி வீட்டு வாசலில் நிற்கும் நாட்களில் காலையில் எழுந்ததும் எஞ்சினிலிருந்து ஒரு நீளக் கம்பியை உருவுவார். உள்ளே ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுக்கம்பி அது. பழைய எஞ்சினில் ஓட ஓட ஆயில் குறையும், டப்பாவிலிருந்து ஊற்றி நிரப்ப வேண்டும். அதைத்தான் வண்டி ஆயில் குடிக்கிறது என்பார்கள். எங்கள் லாரி மொடாக்குடியாகத்தான் இருந்ததாம். நான் அந்த வீட்டுக்கு வந்த சில மாதத்தில் கம்பியில் ஆயில் குறையவே இல்லை. அப்புறம் ஒரு விரற்கடை ஏறியும் நின்றது.

"மருமக வந்த நேரம்," என்றார் என் மாமியார்.

இது லேசுப்பட்ட வார்த்தை இல்லை. மாமியாருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. தன் அண்ணன் மகளை மருமகளாக எடுக்க வேண்டும் என்றிருந்தவர். நான் வைத்த ரசத்தில் உப்பு பத்தாது, நான் போட்ட கோலம் கோணல், நான் சிரித்தால் சத்தம் அதிகம். அப்பேர்ப்பட்டவர் ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும், "எங்கூட்டுல இவ கால் வெச்சதுல இருந்து லாரி சொட்டு ஆயில் குடிக்கறதில்லீங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். என் தட்டில் நெய் விழ ஆரம்பித்தது. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பின்னே, பிடிக்காதா?

என் வீட்டுக்காரர் இன்னும் மோசம். டீக்கடையிலும் பட்டறையிலும், "எல்லாம் எங்கூட்டு அம்மிணி ராசி" என்று தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தார். மற்ற லாரிக்காரர்கள் வந்து கம்பியை உருவிப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்துவிட்டுப் போனார்கள். அத்தனை பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டுமே! ஊற்றாத தண்ணீர் பானையில் எப்படி ஏறும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு உறைத்தது துவைக்கிற கல்லில். கம்பியைத் துடைக்க அவர் பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருப்பார். அந்தத் துணிகளைத் துவைப்பது என் தலையெழுத்து. வந்த புதிதில் அந்தக் கறை சோடா போட்டு வேகவைத்து, கல்லில் அறைந்தாலும் போகாது. பிசுக்குப் பிடித்துக் கறுப்பாக நிற்கும். அந்தத் துணியை நான் திட்டாத திட்டு கிடையாது. திடீரென்று கறை சுலபமாகப் போக ஆரம்பித்தது. அதையும் என் ராசிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் துவைக்காத துணியை விரித்துப் பார்க்கிறேன், நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி அகலமாக ஒரு வெளிறிய வளையம். மோந்து பார்த்தேன். கிணற்று மோட்டாருக்குப் பதிலாக எங்கள் காட்டில் டீசல் எஞ்சின் வைத்திருந்தோம். அதன் பக்கத்தில் போனால் அடிக்குமே, அதே வாடை.

அப்போதுதான் புரிந்தது. ஆயில் ஏறவில்லை, ஆயிலோடு டீசல் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் எஞ்சினுக்குள் இரும்போடு இரும்பு உரசும். அவரோ அன்றைக்குச் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்புகிறார். சொன்னால் என் ராசி போகும், நெய்யும் போகும். சொல்லாவிட்டால் எஞ்சின் போகும், அதற்காக விற்ற காடும் போனதுதான். எனக்கு எப்போதும் வாய் அடங்காது, அன்றைக்கும் அடங்கவில்லை.

"ஏனுங்க, சித்தெ நில்லுங்க. ஆயில்ல டீசல் கலக்குதுங்க."

"பொறப்படற நேரத்துல என்ன பேச்சு புள்ள இது?" என்று அவர் எரிந்து விழுந்தார்.

மாமியார் உள்ளிருந்து ஓடிவந்தார். "நல்லா ஓடற வண்டிக்கு வாய் வெக்காத அம்மிணி!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு வெள்ளைத் துணியை எடுத்துவந்து துவைக்கிற கல்லில் விரித்தேன். ஒன்றில் டப்பாவிலிருந்த புது ஆயிலில் ஒரு சொட்டு, இன்னொன்றில் அளவுக்கம்பியிலிருந்து ஒரு சொட்டு. "பாத்துட்டுப் போங்க," என்றேன். டப்பா ஆயில் விழுந்த இடத்திலேயே கெட்டியாக நின்றது. கம்பி ஆயில் நாலாபக்கமும் பரவி வளையம் கட்டியது. அவர் குனிந்து அதை விரலில் தேய்த்தார், மோந்தார். முகம் செத்துவிட்டது.

"ஆமா புள்ள, தண்ணியாட்டம் இருக்குது. ஆயில் அழுத்தம் காட்டற முள்ளு சூட்டுல கீழ எறங்கிட்டே இருந்துச்சு. நான் மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

மாமியார் விறுக்கென்று உள்ளே போனார். அன்றைக்கு என் தட்டில் நெய் இல்லை.

லோடு வேறொரு லாரிக்குப் போனது. பட்டறை மெக்கானிக் சாமான்களோடு எங்கள் வாசலுக்கே வந்தார். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எஞ்சினின் அடிப்போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் மோர் மாதிரி சளசளவென்று கொட்டியது.

"ஏண்டா, ராசி ராசின்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டயேடா," என்றார் மெக்கானிக்.

"நீயுந்தானடா கம்பியப் பாத்துட்டுத் தலையாட்டுன!"

டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களை முதலில் கழற்றிச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளுகிற சின்ன பம்பைக் கழற்றினார். குற்றவாளி அதுதான். அதன் தண்டு தேய்ந்து, டீசல் வெளியே சொட்டாமல் உள்ளுக்குள்ளேயே கசிந்து ஆயிலில் இறங்கியிருந்தது. வெளியே ஒழுகியிருந்தால் யார் ராசி என்று பேசியிருப்பார்கள்? புதுப் பம்ப் போட்டால் கசிவு நிற்கும். ஆனால் அதற்குள் எஞ்சின் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. எஞ்சினுக்குள் சுழல்கிற பெரிய தண்டான கிராங்க் கெட்டிருந்தால் அதைச் சரிசெய்ய எங்களிடம் வழியில்லை, வண்டியை எடைக்குத்தான் போட வேண்டும்.

அடித்தொட்டியை இறக்கி, கிராங்கைத் தாங்குகிற பேரிங்குகளைக் கழற்றினார். வழவழவென்று இருக்க வேண்டியவை கோடு கோடாகக் கீறிக் கிடந்தன. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுப்பில் சோறு தீய்கிற வாசம் வந்தும் அங்கேயே நின்றேன். வாசற்படியில் மாமியாரும் நின்றிருந்தார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, கிராங்கை நன்றாகத் துடைத்து, நகத்தால் மெள்ள வருடிப் பார்த்தார். கீறல் இருந்தால் நகத்தில் தட்டுமாம்; ஒவ்வோர் இடமாக வருடினார்.

"நகம் எங்கயும் தட்டலீங்க," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "கிராங்க் பொழச்சுக்கிச்சு. பேரிங் மாத்துனாப் போதும். லோடோட மலை ஏறியிருந்தா நடுவழியில எஞ்சின் இறுகிப் புடிச்சு நின்னிருக்கும்."

என் வீட்டுக்காரர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

புதுப் பேரிங், புதுப் பம்ப், புது ஆயில் எல்லாம் போட்டு, ஒரு பயணம் போய்த் திரும்பினார். மறுநாள் காலையில் கம்பியை உருவும்போது நாங்கள் மூன்று பேரும் எஞ்சினைச் சுற்றி நின்றோம்.

"கொறஞ்சிருக்குது!" என்று கத்தினார்.

"எவ்வளவுடா?" என்று மாமியார் பதறினார்.

"ஒரு நூலு கொறஞ்சிருக்குதும்மா!"

மாமியார் உள்ளே ஓடிக் கற்பூரம் கொண்டுவந்து கொளுத்தினார். ஆயில் குறைந்ததற்குக் கற்பூரம் கொளுத்தின வீடு எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். ராசிப் பேச்சும் போயிற்று, இனி நம் பாடு பழைய கோணல் கோலம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த லோடுக்குக் கிளம்பும் நாளில் என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகப் போனார். மாமியார் போய் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"ஆயில்துணிய அவகிட்டக் காட்டுனயா?"

"இல்லீங்கம்மா, நேரமாச்சு."

"எறங்கு. எம்மருமக பாத்துச் சொன்னாத்தான் வண்டி இந்த வாசலத் தாண்டும்."

அவர் இறங்கிவந்து துணியை என் கையில் கொடுத்தார். கண் கலங்கியதில் கறை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மோந்து பார்த்தேன், டீசல் வாடை இல்லை.

"பொறப்படுங்க," என்றேன். மாமியார் வழியை விட்டு நகர்ந்தார்.