மாமாவின் மிக்-29

செக்காலை ரோட்டில் சித்தப்பா நடத்திய கம்ப்யூட்டர் சென்டருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கம்ப்யூட்டருக்கு வைரஸ் வருவது செருப்பு வழியாகத்தான் என்று நானும் அண்ணனும் உறுதியாக நம்பியிருந்தோம். சித்தப்பா அதை மறுத்ததில்லை. தரை சுத்தமாக இருந்தது. காலையிலும் மாலையிலும் டைப்ரைட்டிங் முடித்த அக்காமார்கள் வந்து படிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஈ காக்கை வராது. அந்த இடைவெளியில் கடைசி வரிசைக் கம்ப்யூட்டர் எங்கள் வசம் வந்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த நண்பர் ஒருவர் சித்தப்பாவுக்கு ஒரு சிடியும் ஜாய்ஸ்டிக்கும் கொடுத்திருந்தார். போர் விமானம் ஓட்டும் விளையாட்டு. சித்தப்பா ஒரே ஒரு தடவை ஆடிப் பார்த்தார். தரையை விட்டுக் கிளம்புவதற்குள் விமானத்தைக் கவிழ்த்துவிட்டு, ஜாய்ஸ்டிக்கை எங்களிடம் தள்ளிவிட்டார். அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பதினொன்று. எங்களுக்கு அந்தக் கோடை விடுமுறை அதிலேயே போனது.

நம் விமானம் எது, எதிரியின் விமானம் எது, யார் றெக்கையில் என்ன ஏவுகணை என்று எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். அண்ணன் எஃப்-16 கட்சி. நான் மிக்-29 கட்சி. அதற்குக் காரணம் மாமா.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. நாச்சியாபுரத்திலிருந்து விமானப்படைக்குப் போனவர். மஞ்சுவிரட்டு மாட்டுக்குப் பக்கத்தில் அதன் சொந்தக்காரர் நிற்பதுபோல, ஒரு மிக்-29 விமானத்தின் மூக்கில் கை வைத்துக்கொண்டு அவர் நிற்கும் போட்டோ எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. அதற்கு மேல் எங்களுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அண்ணனும் நானும் சாப்பிடும்போதுகூட அதையேதான் பேசுவோம். கிட்டத்துச் சண்டையில் மிக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்ஜின் சூட்டை மோப்பம் பிடித்துப் போகும் சின்ன ஏவுகணை அதில் உண்டு. பைலட் தலையைத் திருப்பி எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் பாயும். ஆனால் எஃப்-16 நம்மைக் கிட்டத்தில் விட்டால்தானே? அதன் ரேடார் ஏவுகணை வெகு தூரத்திலேயே கிளம்பிவிடும். பாதி வழிக்கு மேல் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். விட்டவன் திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம். மிக்கின் ரேடார் ஏவுகணைக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அது போய்ச் சேரும்வரை நாம் எதிரியை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டே பறக்க வேண்டும். அதற்குள் அவன் விட்டது நம் மேல் வந்து மோதிவிடும்.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது, வடக்கே எல்லையில் மலை உச்சிகளில் சண்டை மூளும் வரை.

எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. மாமா ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சித்தப்பாவின் சென்டருக்குத்தான் பேசுவார். அம்மா பூசை முடிந்து வந்ததும் அங்கே போய், போன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். சண்டை ஆரம்பித்தபின் போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், போன் அடித்தது, யாரோ கோர்ஸ் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார்கள். அதற்குப்பின் அம்மா சென்டருக்கு வருவதை நிறுத்திவிட்டாள். “வந்தா ஆள் விடுங்க தம்பி” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாள். வீட்டில் டிவி செய்தி போடும் நேரத்தில் கிணற்றடிக்குப் போய்விடுவாள். அப்பா சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு திரையை ஒட்டி உட்கார்ந்து பார்ப்பார்.

நான் சென்டருக்குப் போய் மிக்-29ஐ எடுத்தேன். எதிரே எஃப்-16, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்ததும் அதுதான். நான் செத்துப்போனேன். திரும்ப ஆரம்பித்தேன், திரும்பவும் செத்தேன். அண்ணன் கெக்கலி கொட்டவில்லை. அவனுக்கும் அந்தக் கணக்குப் புரிந்திருந்தது. “நான் வேணா எதிரிக்குச் சின்ன மிசைல் மட்டும் வைக்கிறேன்” என்றான். நான் வேண்டாம் என்றேன். எதிரி அப்படியா விட்டுக்கொடுப்பான்? எதிரிலிருந்தவர்களிடம் அந்த ரேடார் ஏவுகணை அப்போது இருக்கவே இல்லை என்றும், மேலே விமானமும் விமானமும் மோதிக்கொண்ட சண்டை நடக்கவில்லை என்றும் பல வருடங்களுக்குப் பிறகு எங்கோ படித்தேன். அந்தச் சேதி அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, ஏவுகணை வருகிறது என்று விமானம் அலறியபோது, பயத்தில் ஜாய்ஸ்டிக்கை ஒரேயடியாகப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டேன். விமானம் குறுக்கே திரும்பிச் சரசரவென்று இறங்கி மலை இடுக்குக்குள் புகுந்தது. அலறல் நின்றது. ஏவுகணைக்கு என்னைக் காணவில்லை! அப்படியே மலையை ஒட்டிப் பதுங்கிப் போய், கிட்டத்தில் எழும்பி, சின்ன ஏவுகணையை விட்டேன். எஃப்-16 நெருப்பாகச் சிதறியது. அண்ணன் என் தலையில் குட்டினான். அவன் பாராட்டும் விதம் அது.

மறுநாள் மத்தியானம் நாங்கள் அதே வித்தையை மறுபடி செய்து பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சித்தப்பா எடுத்து, “ஹலோ” என்று நாலைந்து தடவை கத்தினார். அப்புறம் அவர் முகம் மாறியது. “மாப்ள! எங்கருந்து பேசுறீக?” என்றவர், ரிசீவரை என் கையில் திணித்தார். “வச்சிராத பாப்பா. அவருக்குப் பின்னாடி ஆளுக வரிசையில நிக்கிறாகளாம். நான் அம்மாவைக் கூட்டியாரேன், அதுவரைக்கும் பேசிக்கிட்டே இரு.” டிவிஎஸ் ஃபிஃப்டியை உதைத்துக்கொண்டு போனார். அண்ணன் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினான்.

நானும் மாமாவும் மட்டும் இருந்தோம். கம்பியில் காற்று அடிப்பதுபோல இரைச்சல்.

“என்ன பாப்பா, நல்லா இருக்கியா?”

“மாமா, நீங்க எதிரியப் பாத்து நேரா போகாதீக.”

“எங்க போகக் கூடாது?”

“நேரா. அவுக மிசைல் தானாத் தேடிக்கிட்டு வரும். உங்க மிசைலுக்கு நீங்க கடைசி வரைக்கும் மூக்கக் காட்டிக்கிட்டே இருக்கணும். அதுக்குள்ள அது வந்துரும்.”

மாமா சிரித்தார். “இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?”

“கம்ப்யூட்டர்ல பாத்தேன். தெனமும் நீங்க செத்துப்போறீக மாமா. நேத்துதான் பொழச்சீக.”

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, யாரிடமோ எதையோ கவனமாகக் கேட்டுக்கொள்வதுபோல மாமா கேட்டார்:

“எப்படிப் பொழச்சேன்?”

நான் மூச்சு விடாமல் சொன்னேன். குறுக்கே திரும்புவது, மலைக்குக் கீழே இறங்குவது, கிட்டத்தில் போய் எழும்புவது. மாமா ஒவ்வொன்றுக்கும் “ம்” கொட்டினார். “எந்தப் பக்கம் திரும்பணும், இடமா வலமா?” என்றுகூடக் கேட்டார். எந்தப் பக்கமானாலும் சரி, மலை எங்குட்டு இருக்கோ அங்குட்டுத் திரும்புங்க என்றேன்.

“சரி பாப்பா. அப்படியே செய்வோம்.”

அதற்குள் வாசலில் வண்டி நின்றது. அம்மா ஓடி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கறியைப் பிசைந்துகொண்டிருந்த கை, மஞ்சளும் மிளகாயுமாக. அவளால் ரிசீவரைப் பிடிக்க முடியவில்லை, நானே அவள் காதில் வைத்துப் பிடித்தேன். கேட்க எவ்வளவோ வைத்திருந்திருப்பாள். அவள் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்.

“சாப்ட்டியாடா?”

அப்புறம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள், மாமாவுக்கு அது தெரியும் என்பதுபோல. லைன் அறுந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மிளகாய்க் கையால் துடைக்கப் போனவளைச் சித்தப்பா “மதினி, கை! கை!” என்று கத்தித் தடுத்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க அழுதாள். திடீரென்று எழுந்து, “அய்யய்யோ, அடுப்புல குழம்பு கெடக்கு!” என்று ஓடினாள்.

குழம்பு அடிப்பிடித்துக் கருகிப்போயிருந்தது. அப்பா அதைச் சோற்றில் பிசைந்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் பல நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். மாமாவிடம் சொல்லிவிட்டேன், இனி அவருக்கு ஒன்றும் ஆகாது.

சண்டை ஓய்ந்து, மழைக்காலத்தில் மாமா லீவில் வந்தார். வந்த மறுநாளே அவரைச் சென்டருக்கு இழுத்துப்போய் மிக்-29 முன்னால் உட்கார வைத்தோம். மாமா ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை.

“எனக்கு ஓட்டத் தெரியாது பாப்பா.”

“பொய்!”

“நெசமாத்தான். நான் ஓட்டுறவன் இல்ல. றெக்கைக்கு அடியில மிசைல் மாட்டி விடுறவன்.”

அண்ணன் முகம் சுண்டிப்போனது. மாமா பைலட் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“அப்ப நீங்க மேலயே போகலயா?”

“போகல. தரையிலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தனை தடவை செத்ததெல்லாம் வீண்! வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் கேட்டேன், ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று. “நீங்க கேக்கவே இல்லையே” என்றாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் மாமாவை ஒருவழியாகக் கிளப்பி மேலே ஏற்றியிருந்தான். எதிரி விமானம் திரையின் ஓரத்தில் பச்சைச் சதுரமாக மின்னியது. “விடுங்க மாமா, மிசைல விடுங்க!” என்று கத்தினோம். மாமா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. “எறங்குறதுக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கைமேல் என் கையை வைத்து நான்தான் விமானத்தை ஓடுபாதைக்குத் திருப்பினேன். தரையில் பட்டு எகிறிக் குதித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எப்படியோ நின்றது. மாமா நீளமாக மூச்சு விட்டார்.

விமானத்தை வெளியிலிருந்து காட்டச் சொன்னார். காட்டினேன். திரைக்கு அருகே குனிந்து, றெக்கைக்கு அடியில் தொங்கிய ஏவுகணைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார்.

“பாத்தியா பாப்பா? மாட்டுனது மாட்டுனபடியே திரும்பி வந்துருச்சு. ஆளும் வந்துட்டாரு.”

அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. ஒரு ஏவுகணையைக்கூட விடாமல் திரும்பி வந்ததில் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. திரை எங்களுக்குப் பூஜ்யம் மதிப்பெண் போட்டிருந்தது. மாமாவுக்கு விளையாடத் தெரியவில்லை என்று அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“இன்னொரு வாட்டி எறக்கிக் காட்டு” என்றார் மாமா.