ஏழுக்கு அடுத்து ஒன்பது

தட்டச்சில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் சட்டென்று நின்றன. இடது கை சுருக்கெழுத்துத் தாளைப் பின்னுக்கு இழுத்தது, வலது கை பென்சிலை எடுத்தது. தீர்ப்புச் சொல்லப்போகிற ஜூரிக்கு நீதிபதி வாசித்த, எண் போட்ட சட்ட அறிவுரைகள்: ஆறு, ஏழு, ஒன்பது. எட்டைக் காணோம்.

மார்லிஸ் வொண்ட்ராக் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினாள். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடமாக, பேசுவதை அப்படியே எழுதி எடுக்கிறவள் அவள். சாட்சியின் 'ம்'மைக்கூட விட்டதில்லை.

டுவேன் கோலாரின் வழக்கே அந்த எட்டில்தான் இருந்தது. சந்தை மைதானத்தில் இரும்புக் கம்பியோடு பாய்ந்தவனை வேலிக்கட்டையால் அடித்துக் கையை முறித்தவன் டுவேன். அவன் தற்காப்புக்காக அடிக்கவில்லை என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு, இதுதான் எட்டு. ஜூரிக்கு வாசித்த அன்று காலை வக்கீல்கள் அரைமணி நேரம் வாதாடி முடிவு செய்ததை அவளே எழுதியிருந்தாள். ஜூரி குற்றவாளி என்றது. நாலு வருடம். மேல்முறையீட்டுக்கு வந்த வக்கீல் ஜோலீன் பாஷ், பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று மார்லிஸ் தட்டச்சு செய்யும் இந்த விசாரணைப் பிரதிக்காகக் காத்திருந்தாள்.

மார்லிஸ் சுருக்கெழுத்துத் தாளை மடிப்பு மடிப்பாகப் பார்த்தாள். எங்கும் அறுபடவில்லை. அன்றைய ஒலிப்பதிவை மூன்று தடவை போட்டுக் கேட்டாள். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நீதிபதி விரலை நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவர் வாசித்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையென்றால் நீதிமன்றக் காவலாளியின் மனைவி செய்கிற கொலாச்சி, நடுவில் பிளம் ஜாம் வைத்த பன், தட்டு நிறைய வரும்.

நீதிபதி எம்மெட் செட்லாக் விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் வழக்குக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஜூரியின் அறைக்கு அனுப்பப்பட்டதும் இதே கட்டுதான், அவர்களும் எட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏழாம் தாள் தடிமனாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எட்டு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு தெரிந்தது. நடுவில் கட்டைவிரல் அளவு கறை.

"பிரிச்சுப் பாக்கட்டுமா?" என்றார்.

"தொடாதீங்க ஐயா. இப்ப அதுவும் சாட்சி."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். எட்டை வாசிக்கத்தான் நினைத்தேன் என்று ஊருக்கே தெரியுமே, பிரதியில் சேர்த்துவிட்டால் என்ன என்று பாதி விளையாட்டாகக் கேட்டார்.

"நீங்க சொன்னதைத்தான் அடிப்பேன் ஐயா. நினைச்சதை அடிக்கிற மெஷின் இன்னும் வரலை."

வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கட்டின் மேலிருந்த டுவேனின் பெயரைப் படித்தார். "அந்தப் பையன் ஏழு மாசமா உள்ள இருக்கான், இல்ல?" பிறகு, தாள் ஒட்டியிருப்பதைத் தன் உத்தரவாகவே குறித்துப் பிரதியில் சேர்க்கச் சொன்னார். "பிளம் ஜாம்னே போடு."

"நான் ருசி பாக்கலையே. 'பிசுபிசுப்பான பொருள்'னு போடறேன்."

பிரதி தயாரான வெள்ளிக்கிழமை ஜோலீன் வந்தாள். எட்டு விடுபட்ட நானூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைப் பார்க்கச் சொல்லி மார்லிஸ் போனிலேயே சொல்லியிருந்ததால் மூச்சிரைக்க வந்தாள். ஆனால் வாசலில் யாரோ நீட்டியதை மறுக்க முடியாமல் கையில் பாதி கொலாச்சி.

மார்லிஸ் பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தாயே, முதல்ல கை கழுவிட்டு வா."

ஜோலீன் கழுவி, துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் திருப்பிக் காட்டினாள். மார்லிஸ் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, நானூற்று அறுபது பக்கக் கட்டை அந்தக் கைகளில் வைத்தாள்.